ஒட்டுப்போட்டே ஓய வேண்டுமா?

குன்றத்தூர்க் குன்றின்மீது ஏறி நின்று மேற்கே பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரி தெரியும். கடலோ என்று கண்டவர் மயங்கும் நீர்ப்பரப்பு. அதற்கும் அப்பால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகளின் அணிவகுப்பு. மோட்டாரும் மின்னணுக் கருவியும் அங்கே நாள்தோறும் பிறக்கின்றன. கப்பலேறிக் கடல் கடக்கின்றன. கிழக்கே திரும்பினால் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை. அந்தப் பேராலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே. நடுவிலே குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணம் பாடியவர் என்று பக்தர்கள் அவரைப் போற்றுவர்; சோழ நாட்டின் அமைச்சராய் இருந்தவர் என்பதை நாம் நினைவூட்டுகிறோம். நாடாளும் பொறுப்பு இன்னதென்று அறிந்த ஒருவரை ஈன்ற ஊர் அது.

காட்சிக்கு இனிய இந்த ஊருக்கு ஐப்பசி பிறந்தால் அச்சம் பிறக்கிறது. கார்த்திகை வந்தால் கண்ணுறக்கம் போகிறது. வங்கக் கடலிலே காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொன்ன மாத்திரத்தில், “ஏரியிலே எத்தனை அடி? மதகிலே எத்தனை கன அடி?” என்பதே இங்கே பேச்சு. பள்ளிப் பிள்ளைகூட 24 அடி என்றால் என்ன பொருள் என்று அறியும். ஏரி நிரம்பிவிட்டது என்று பொருள்; உபரிநீர் எந்த நேரமும் வாசலுக்கு வரலாம் என்று பொருள்.

2015 டிசம்பர் முதல் நாளை எவரும் மறக்கவில்லை. அன்று வந்தது புயல்கூட அன்று, பருவமழைதான். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று உபரிநீர்க் கால்வாயின் வழியெல்லாம் பாய்ந்து, திருநீர்மலையருகே அடையாற்றில் கலந்து, சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. குன்றத்தூர்–திருப்பெரும்புதூர் சாலை துண்டிக்கப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன. மூன்றாண்டு கழித்து, 2018 ஜூலையில், மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதை மனிதன் உண்டாக்கிய பேரழிவு என்றே அந்த அறிக்கை எழுதிற்று. அந்நாளில் கோட்டையிலே கொலுவீற்றிருந்தவர் யார் என்பதை நாடறியும். நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு 2016 டிசம்பர் 12இல் வர்தா. 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களைத் துவைத்தெடுத்த கஜா. 2020 நவம்பரில் நிவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல். பெயர்கள் மாறுகின்றன, பேரிழப்பு மாறவில்லை. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அமைச்சர்கள் வருகிறார்கள், மத்தியக் குழு வருகிறது, படம் எடுக்கிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், கையசைத்துப் போகிறார்கள். உடைந்த கரையிலே மண்மூட்டை அடுக்கப்படுகிறது. அரித்த சாலையிலே சல்லியும் தாரும் கொட்டப்படுகின்றன. சாய்ந்த கம்பம் சாய்ந்த இடத்திலேயே நிமிர்த்தப்படுகிறது. அடுத்த புயல் வருகிறது. அதே கரை, அதே சாலை, அதே கம்பம்!

திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: “அண்ணே, வெள்ளம் வந்தா பெரிய கம்பெனிக்கு இன்சூரன்சு இருக்குது. ரோடு போடுறவருக்கு மறுபடியும் டெண்டரு இருக்குது. எனக்கு என்ன இருக்குது? மிஷினு காயற வரைக்கும் கூலி கிடையாது.”

அந்தத் தோழர் சொன்ன நான்கு வாக்கியங்களுக்குள் ஒரு பொருளாதாரமே அடங்கிக் கிடக்கிறது. நிவாரணம் ஒன்று, புனரமைப்பு வேறொன்று. பசித்தவனுக்குச் சோறு போடுவது நிவாரணம். அவன் மறுமுறை பசியாதிருக்க வழி செய்வது புனரமைப்பு. மிக்ஜாம் புயலின்போது குன்றத்தூர் வட்டத்துக் குடும்பங்களுக்கும் மாநில அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நன்று. நனைந்த அரிசிக்கும் பாய்க்கும் அது உதவிற்று. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு குடும்பம் தன் தெருவிலே வடிகால் கட்டிக்கொள்ள முடியுமா? ஏரிக் கரையை உயர்த்த முடியுமா? அது அரசு செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எவர் கையில் வருகிறது — இந்த மூன்று கேள்விகளையும் நாம் இன்று எழுப்புகிறோம்.

முதலிலே டில்லியைக் கேட்போம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதைத் தொடர்ந்து நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெருமழையும் தமிழகத்தைத் தாக்கின. இரண்டு இடருக்கும் சேர்த்து ஏறத்தாழ 37,907 கோடி ரூபாய் வேண்டுமென்று மாநில அரசு கணக்குக் கொடுத்துக் கேட்டது. மாதங்கள் உருண்டன. மாநில அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. 2024 ஏப்ரல் இறுதியில் டில்லி வாய் திறந்தது. மிக்ஜாமுக்கு 285.54 கோடி, தென் மாவட்டங்களுக்கு 397.13 கோடி, ஆக 682.67 கோடிக்கு ஒப்புதல்! நூறு ரூபாய் கேட்ட இடத்தில் இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்த ஒப்புதலிலும் மாநில நிதியில் இருந்த இருப்பிலே பாதியைக் கழித்துக்கொண்டு, உடனே விடுவித்தது 276 கோடிதான்.

இது புதிய கதையும் அன்று. கஜா புயலுக்கு, அப்போது ஆட்சியிலிருந்த வேறு கட்சியார் ஏறத்தாழ 15,000 கோடி கேட்டனர். கிடைத்த ஒப்புதல் 1,146.12 கோடி. கட்சி மாறினாலும் கை மாறவில்லை. ஆகவே, இது ஏதோ ஒரு கட்சிக்கும் இன்னொரு கட்சிக்கும் இடையே நடக்கும் சச்சரவு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மாநிலத்துக்கும் மத்திய சர்க்காருக்கும் இடையே கட்டப்பட்டிருக்கும் அமைப்பின் கோளாறு இது.

டில்லி சொல்லும் பதிலையும் மறைக்காமல் சொல்லுவோம். எதிரியின் வாதத்தை எடுத்துரைக்க அஞ்சுபவன் தன் வாதத்திலே நம்பிக்கை இல்லாதவன். “மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஆண்டுதோறும் முன்கூட்டியே தருகிறோமே! 2023–24இல் எங்கள் பங்காக 900 கோடியை இரு தவணையாகத் தந்துவிட்டோமே! சென்னை வடிநிலப் பகுதியின் வெள்ளத் தணிப்புக்கு 561.29 கோடித் திட்டம் ஒப்பினோமே, அதிலே 500 கோடி எங்களுடையதாயிற்றே! தேசியப் பேரிடர் என்று அறிவிக்கும் வழக்கமே இல்லையே!” — இவை அவர்கள் சொன்ன பதில்கள். பொய் என்று நாம் சொல்லவில்லை. போதுமா என்று கேட்கிறோம்.

அந்த நிதியின் கணக்கைப் பாருங்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு வகுத்த ஏற்பாடு அது. நான்கில் மூன்று பங்கு மத்திய சர்க்கார், ஒரு பங்கு மாநில அரசு. 2023–24இல் 900 கோடியுடன் மாநிலத்தின் 300 கோடியும் சேர்ந்து 1,200 கோடி. இதைக் கொண்டே உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உதவி, முகாமிலே உணவு, இடிந்த வீட்டுக்குத் தொகை, செத்த மாட்டுக்குத் தொகை, பயிருக்குத் தொகை, சாலைக்கு ஒட்டுப்போடும் வேலை, மின்கம்பம் நடும் வேலை, எல்லாம். இதில் மீட்சிக்கும் புனரமைப்புக்கும் என்று நிதிக்குழு வகுத்த பங்கைப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 450 கோடி வரும். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டு கோடிகூட இல்லை!

அந்தப் பங்காவது ஒழுங்காகக் கைக்கு வந்ததா? புனரமைப்புக்கென்று ஒரு தனிச் சாளரம் திறக்க வேண்டும் என்று நிதிக்குழு பரிந்துரைத்தது 2021–26 காலத்துக்கு. அந்தச் சாளரத்தை எப்படித் திறப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற வழிமுறைகளை உள்துறை அமைச்சகம் விரிவாக வகுத்து வெளியிட்டது 2024ஆம் ஆண்டில்! ஐந்தாண்டில் மூன்றாண்டு ஓடிய பிறகு! அதற்குள் மிக்ஜாம் வந்துவிட்டது, போய்விட்டது.

பழைய விதிமுறை எப்படி இருந்தது தெரியுமா? 2015இல் வகுத்த விதிப்படி, சேதமுற்ற மாநில நெடுஞ்சாலைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு லட்சம். ஊரகச் சாலைக்கு அறுபதாயிரம். அறுபதாயிரத்தில் சாலை போட முடியாது, குழியை மூடலாம். விதியை எழுதியவர்களே அதை உடனடிப் பழுது நீக்கம் என்றுதான் குறித்தார்கள். கிழிந்த துணியிலே ஒட்டுப்போடக் காசு உண்டு. புதுத்துணி வாங்கக் காசில்லை. ஒட்டின்மேல் ஒட்டு, ஒட்டின்மேல் ஒட்டு! கடைசியிலே ஒட்டுத்தான் இருக்கும், துணி இருக்காது. அப்படியோர் ஆடையைத்தான் தமிழன் உடுத்தவேண்டும் என்கிறது விதி.

மனமிருந்தால் வழியுண்டு என்பதையும் டில்லியே காட்டியிருக்கிறது. இமயமலையிலே ஜோஷிமட் என்றோர் ஊர். நிலம் புதைந்து வீடுகள் வெடித்தன. அந்த ஓர் ஊரின் புனரமைப்புக்காக 2023 நவம்பரில் 1,658.17 கோடித் திட்டம் ஒப்புதல் பெற்றது. 2023 வெள்ளத்தால் அழிந்த இமாசலப் பிரதேசத்துக்கு 2025 ஜூனில் 2,006.40 கோடித் திட்டம். அந்த மக்கள் நம் உடன்பிறப்புகள். அவர்கள் பெற்றதில் நமக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சியே. ஆனால் கேட்கிறோம்: மலைக்குத் திறந்த சாளரம் கடற்கரைக்கு ஏன் திறக்கவில்லை? பெஞ்சல் புயலுக்கு 2025 ஏப்ரலில் 522.34 கோடி ஒப்பினார்கள். அதுவும் நிவாரணக் கணக்கிலே. இழந்ததைத் திரும்பக் கட்டும் கணக்கு எங்கே?

இந்த நோய் நம் நாட்டோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்றோர் ஏழை நாடு. 2019 மார்ச்சில் இடாய் என்ற புயல் பெய்ரா துறைமுக நகரைப் புரட்டிப் போட்டது. ஆறு வாரத்துக்குள் கென்னத் என்று இன்னொரு புயல். திரும்பக் கட்ட 320 கோடி டாலர் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பெய்ராவிலே உலக நாடுகளைக் கூட்டி மாநாடு போட்டார்கள். கிடைத்த வாக்குறுதி 120 கோடி டாலர். வாக்குறுதிதான்; கையிலே வந்த காசு அன்று. ஆலைப் புகையால் உலகைச் சூடாக்கியவர்கள் ஒரு பக்கம். சூடேறிய கடல் எழுப்பும் புயலிலே வீடிழந்தவர்கள் மறுபக்கம். கொடுப்பவன் மனம் வைத்தால்தான் உண்டு என்ற நிலை இருக்கும்வரை, வீடிழந்தவன் கையேந்தித்தான் நிற்க வேண்டும். கரீபியன் தீவு நாடுகள் இதை உணர்ந்தன. 2007இல் கூட்டாக ஒரு காப்பீட்டு நிதி அமைத்தன. காற்றின் வேகமும் மழையின் அளவும் குறித்த எல்லையைத் தாண்டினால், இரண்டு வாரத்துக்குள் தொகை. குழு வந்து பார்த்து, கோப்பு நகர்ந்து, கூட்டம் கூடி முடிவெடுக்கும் வேலை இல்லை. இழப்பு முழுவதையும் அது ஈடுகட்டாது. ஆனால் முதல் கல்லை உடனே நட உதவும். புயலுக்கு முன்பே பணத்தை ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

டில்லியிடம் தமிழகம் கேட்பது தருமமா? இல்லை! திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் ஈட்டித் தரும் வரியும் சுங்கமும் அயல்நாட்டுச் செலாவணியும் எவ்வளவு என்பதை டில்லி நன்றாக அறியும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் மழையால் இங்கே ஐபோன் செய்யும் ஆலைகள் நின்றன. அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அத்தகைய வட்டாரம் இது. வரிப் பகிர்விலே 9ஆவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 7.931, 15ஆவது நிதிக்குழு காலத்தில் 4.079. உழைப்பு வளர்ந்தது, பங்கு தேய்ந்தது. மத்திய–மாநில உறவை ஆராய 1969இல் கழக அரசு இராஜமன்னார் குழுவை அமைத்தபோது, பிரிவினை பேசுகிறார்கள் என்று பரிகசித்தவர்கள் உண்டு. உடைந்த கரையிலே நின்று பார்த்தால், மாநில சுயாட்சி என்பது மேடை முழக்கம் அன்று, மதகுக்குப் போடும் பலகை என்பது அவர்களுக்கும் விளங்கும்.

டில்லியைக் கேட்டாயிற்று. இனி நம் வீட்டைப் பார்ப்போம். அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பைக் காட்டிவிட்டு, நம் முதுகிலுள்ள அழுக்கை மறைத்துக்கொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

திருப்பெரும்புதூர் ஏரியும், பிள்ளைப்பாக்கம் ஏரியும், நேமம் ஏரியும் நிரம்பினால் நீர் எங்கே வரும்? செம்பரம்பாக்கத்துக்கு வரும். அது நிரம்பினால்? குன்றத்தூருக்கு வரும். ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகைநீர் அடையாற்றுக்கு வரும். ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் வயலும் மேய்ச்சலும். மழையிலே பாதியை மண் குடித்தது. மீதி மெல்ல நடந்து வந்தது. இன்று வயல் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம். சிமெண்டு நீரைக் குடிக்காது. மழை விழுந்த நாழிகையிலே அவ்வளவும் ஓடி வருகிறது. ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆலையால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை. ஆனால் ஆலைக்கு நிலம் அளந்தவர்கள் நீருக்கு வழி அளந்தார்களா? மேட்டிலே கட்டியவன் அனுப்பும் நீரைப் பள்ளத்திலே குடியிருப்பவன் ஏன் தனியே சுமக்க வேண்டும்?

2023 டிசம்பரில் எதிர்க்கட்சியார் கேட்டார்கள்: மழைநீர் வடிகாலுக்கு என்று சொன்ன 4,000 கோடி என்னவாயிற்று என்று. கேட்டவர்களின் உள்நோக்கம் எதுவாயினும், கேள்வி சரியான கேள்வி. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. நம் தோழர்கள் சிலர் அந்தக் கேள்வியால் சினந்தார்கள். சினம் வேண்டாம். எந்தத் தெருவில் எத்தனை அடி வடிகால், என்ன செலவு, எந்த ஆற்றோடு இணைந்தது என்று ஒவ்வோர் ஊரிலும் பலகை எழுதி நட்டிருந்தால், கேள்வி கேட்டவர் பலகையைப் படித்துவிட்டுப் போயிருப்பார்.

பணத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பொறுப்பு சிதறிக் கிடப்பது. ஏரியும் கால்வாயும் நீர்வளத் துறைக்கு. மேலே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. சிறு பாலம் ஊராட்சி ஒன்றியத்துக்கு. தெரு நகராட்சிக்கு. கம்பம் மின்வாரியத்துக்கு. தொழிற்பேட்டைக்குள் இருக்கும் வடிகால் இன்னொரு நிறுவனத்துக்கு. நீர் ஒன்று, அதற்கு எசமானர் ஆறு பேர்! நெடுஞ்சாலைத் துறை சாலையை உயர்த்தினால் தெரு பள்ளமாகிறது. நகராட்சி வடிகால் கட்டினால் அது சேர வேண்டிய கால்வாய் அதைவிட மேடாக இருக்கிறது. படப்பை அருகே ஒரத்தூரில் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் பணி நிலமெடுப்புத் தகராறால் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. எவரும் சோம்பேறியில்லை, எவரும் திருடரில்லை என்றே வைத்துக்கொள்வோம். முழுமைக்கும் பொறுப்பாளி ஒருவர் இல்லாவிட்டால் வேலை இப்படித்தான் நடக்கும்.

பொறுப்பாளி இருந்தால் எப்படி நடக்கும்? 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் இராமேசுவரம் தீவைத் தாக்கிற்று. பாம்பன்–தனுஷ்கோடிப் பயணி ரயில் அத்தனை பேரோடும் அலைக்கு இரையாயிற்று. பாம்பன் பாலத்தின் 126 கண்கள் கடலிலே வீழ்ந்தன. சீரமைக்க ஆறு மாதம் என்றார்கள். பிறகு மூன்று மாதம் என்று குறுக்கினார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் பொறுப்பை விட்டார்கள். கடலுக்குள் விழுந்த இரும்பு உத்திரங்களையே தேடித் தூக்கி மறுபடி ஏற்றி, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். ஒரு வேலை, ஒரு பொறுப்பாளி, ஒரு கெடு, கையிலே பணம். நான்கும் சேர்ந்தன; பாலம் எழுந்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் மறக்கக் கூடாது. பாலம் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. வாழத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் இடிந்த சுவர்கள் இன்றும் மணலிலே நிற்கின்றன. ரயிலுக்கு ஓர் எசமானர் இருந்தார். மீனவனின் ஊருக்கு எவரும் இல்லை. அந்த மண்ணில் மீண்டும் ஊர் கட்டியிருக்க வேண்டுமா என்பது வேறு வழக்கு. அந்த மக்களின் வாழ்வைத் திரும்பக் கட்டும் பொறுப்பை, பாலத்தைக் கட்டிய உறுதியோடு எவரேனும் ஏற்றார்களா என்பதே நம் கேள்வி.

அப்படிப் பொறுப்பேற்ற மாநிலம் ஒன்றும் உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டது. அந்த ஆண்டே அந்த மாநிலம் பேரிடருக்கென்று ஒரு நிலையான அமைப்பை உண்டாக்கிற்று. கடலோரமெங்கும் புயல் காப்பகங்கள், அவற்றுக்குச் செல்லும் சாலைகள், ஊர்தோறும் பயிற்சி பெற்ற இளைஞர்கள். 2019 மே மாதம் பானி என்ற கொடும்புயல் அதே கரையைத் தாக்கியபோது மாண்டவர் 64 பேர். ஒரு பட்டாளம் உயிர் மிஞ்சிற்று! தமிழகத்திலும் சான்று இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. பின்னர் உலக வங்கிக் கடனுதவியோடு கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் மின்கம்பியை மண்ணுக்கடியிலே கொண்டுபோகும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. இது ஒட்டு அன்று, இது புதுத்துணி. விழுந்த கம்பத்தை விழுந்த இடத்திலேயே நடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் நாம் இதுவரை சொல்லிவந்தது.

கணக்கு காட்டும் முறையைக் கற்க நாம் கடல் கடந்து போக வேண்டாம். குன்றத்தூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஏரியைப் பேண ஏரி வாரியம், அதன் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறை, பதவி ஓராண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியம் ஏற முடியாது. அவன் மட்டுமா? அவன் உறவினரும் ஏற முடியாது! சாதியாலும் சொத்தாலும் குறுகிய சபை அது. அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவன் கரையருகே வரக்கூடாது என்று கல்லிலே வெட்டினார்களே, அந்த ஒரு விதி ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் நமக்குப் பாடம். இன்றைக்கு அதை எழுதினால் எத்தனை காண்டிராக்டர்கள் மிஞ்சுவார்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வடிந்ததும் “ஆக்கிரமிப்பை அகற்று!” என்ற கூக்குரல் எழுகிறது. சரி. யாருடைய ஆக்கிரமிப்பு? 2015க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் பலர் நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று அவர்கள் அல்லல்பட்டனர். ஆற்றின் வழியை மறித்த மதிற்சுவர்களும் மாளிகைகளும் அதே வேகத்தில் அகன்றனவா? குடிசைக்கு ஒரு சட்டம், கோபுரத்துக்கு ஒரு சட்டம் என்றால், அந்தப் புனரமைப்பு ஏழையை இரண்டாம் முறை மூழ்கடிக்கும் வெள்ளமே!

ஆகவே, நாம் கேட்பது என்ன?

மத்திய சர்க்காரிடம் கேட்கிறோம்: புனரமைப்புப் பணத்தை நிவாரணத்திலிருந்து பிரித்து, உண்மையான கட்டுமானச் செலவின்படி, கெடு வைத்துக் கொடுங்கள். புயல் வந்து நூறு நாளுக்குள் முடிவு சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்ற காரணத்தையாவது எழுத்திலே சொல்லுங்கள். மாநிலங்களைக் கலந்து பேசி விதியை எழுதுங்கள். எழுதிவிட்டுக் கலந்து பேசாதீர்கள்.

மாநில அரசிடம் கேட்கிறோம்: ஏரியிலிருந்து கடல்வரை நீர்வழி முழுமைக்கும் ஒரே பொறுப்பாளரை அமர்த்துங்கள். தொழிற்பேட்டைகளின் வருவாயிலே ஒரு பங்கை, அந்தத் தொழிற்பேட்டைகளின் நீர் பாயும் ஊர்களுக்கு என்று சட்டப்படி ஒதுக்குங்கள். பட்டறை மூடிக்கிடக்கும் நாளுக்குத் தொழிலாளிக்குக் கூலி கிடைக்க ஒரு வழி வகுங்கள். கணக்கை ஊரறியப் பலகையில் எழுதுங்கள்.

குன்றத்தூர்த் தோழர்களிடமும் கேட்கிறோம்: கிராமசபையிலும் நகராட்சிக் கூட்டத்திலும் எழுந்து நின்று, இந்தப் பாலத்துக்கு என்ன செலவு, சென்ற முறை கட்டியது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். நம் கட்சிக்காரர் பதவியில் இருந்தாலும் கேளுங்கள். நம் கட்சிக்காரர் என்பதற்காகவே கூடுதலாகக் கேளுங்கள்.

2020இல் நிவர் புயல் வந்தபோது, 2015க்குப் பிறகு முதன்முறையாகச் செம்பரம்பாக்கம் மதகுகள் திறக்கப்பட்டன. முன்கூட்டியே அறிவித்து, சிறு அளவிலே தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார்கள். 2015இன் அழிவு அப்போது மறுபடி நிகழவில்லை. அந்தப் பாடத்தைக் கற்கக் கோடிகள் தேவைப்படவில்லை. கேள்வி கேட்ட மக்களும் மறக்காத நினைவும் போதுமானவையாக இருந்தன. மதகைத் திறக்கக் கற்றுக்கொண்டோம். இனி கரையைக் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கார்த்திகை வரும். கடலிலே இன்னொரு சுழல் எழும். திருமுடிவாக்கத்து லேத் தோழர் மறுபடி வானத்தைப் பார்ப்பார். அவருடைய பட்டறை வாசலில் அப்போது இருக்கப் போவது மண்மூட்டையா, மதிலா? அதை முடிவு செய்யும் கூட்டங்கள் டில்லியிலும் கோட்டையிலும் வெயில் காயும் மாதங்களிலேயே நடக்கின்றன. மழை வந்தபின் அழுவதைவிட, வெயிலிலேயே கேட்போம்!